சும்மா ஜாலிக்கு

2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்றொரு ஆப் கிட்ஹப்பில் இருப்பது வெளியே தெரியவந்தது. ‘சுல்லி’ என்பது முஸ்லிம் பெண்கள்மேல் வீசப்படும் வசைச்சொல். பட்டனை அழுத்தினால் ஒரு முஸ்லிம் பெண்ணின் படம் வரும், இன்றைய ‘டீல்’ இவர்தான் என்று. பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், ஒரு விமானி என்று எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். படங்களெல்லாம் அவர்களே சமூக ஊடகங்களில் போட்டவை. யாரும் உண்மையில் விற்கப்படவில்லை. ஏலம் என்ற பெயரில் அவமானப்படுத்துவது மட்டும்தான் அந்த ஆப்பின் வேலை.

ஆறே மாதத்தில், 2022 புத்தாண்டு அன்று, அதே அச்சில் ‘புல்லி பாய்’ வந்தது. இந்த முறை நூறு பேர் அளவுக்கு. காணாமல்போன ஜேஎன்யு மாணவர் நஜீபின் வயதான தாயாரின் படம்கூட அதில் இருந்தது. பட்டியலில் இருந்த பத்திரிகையாளர் இஸ்மத் ஆரா டெல்லி போலீஸில் புகார் கொடுத்தார். அடுத்தடுத்து கைதானவர்களில் பெங்களூரில் படித்த 21 வயது மாணவர் இருந்தார், உத்தராகண்டைச் சேர்ந்த 18 வயதுப் பெண் இருந்தார். ஆப்பை உருவாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பி.டெக் மாணவர்.

நான் இன்ஜினியர். அதனால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்தது அதிர்ச்சி இல்லை, ஒரு பழைய பயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரி பசங்களைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் எல்லாம் ஒரே மருந்துச்சீட்டு. தனிமை. வேலையின்மை. காதல் தோல்வி. அல்காரிதம். “பாவம் பாஸ், யூட்யூப் கெடுத்துடுச்சு.” அல்காரிதம் அப்பாவி என்று நான் சொல்லமாட்டேன், அதை எழுதுவது என்னைப் போன்றவர்கள்தான். ஆனால் அல்காரிதம் நூறு பெண்களைத் தேர்ந்தெடுக்காது. யாரோ உட்கார்ந்து தேடியிருக்கிறார்கள், படத்தை சேவ் பண்ணியிருக்கிறார்கள், கோட் எழுதி, ஓடுகிறதா என்று டெஸ்ட் பண்ணியிருக்கிறார்கள். ஸ்க்ரோல் பண்ணும்போது தானா நடக்கிற காரியமில்லை இது. பொதுவில் வாயைத் திறந்து பேசிய பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியதும் தற்செயல் இல்லை. அதில் மதவெறுப்பும் பெண்வெறுப்பும் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன.

தனிமை என்ற காரணமும் எடுபடாது. கைதானவர்களில் ஒரு பெண் இருக்கும்போது, ‘காதல் கிடைக்காத பையன்களின் கோபம்’ என்ற கதையை எங்கே வைப்பது? தனியாக இருப்பவனுக்கு மீம் தேவையில்லை. மீம் என்பதே நாலு பேர் சிரிப்பதற்காகப் போடுவது. இது கூட்டத்துக்குள் நடக்கும் போட்டி. நேற்று ஒருத்தன் போட்டதைவிட இன்று ஒரு படி மேலே போகணும், அவ்வளவுதான்.

முதல் ஆப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்த ஆறு மாதத்தில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ‘சுல்லி டீல்ஸ்’ வழக்கில் முதல் கைதே ‘புல்லி பாய்’க்குப் பிறகுதான். ஒரு இருபது வயசுப் பையன் அந்த ஆறு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? எந்த இன்ஃப்ளுயென்சரும் சொல்லித்தராத பாடம் அது: ஒண்ணும் ஆகாது. பிறகு அவர்களுக்கு ஜாமீன் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை, ஜாமீன் உரிமை. ஆனால் ‘சின்னப் பசங்க, எதிர்காலம் வீணாயிடும்’ என்று உருகியவர்கள், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு சமூக ஊடகக் கணக்கையே அழித்துவிட்டுப் போன பெண்களின் எதிர்காலத்தை ஏன் கேட்கவில்லை?

இப்போது அந்தப் பழைய பயம்.

2010இல் ‘த சோஷியல் நெட்வொர்க்’ படம் வந்தது. ஹார்வர்டில் ஸக்கர்பெர்க் 2003இல் செய்த ‘ஃபேஸ்மாஷ்’ அதில் வரும். சக மாணவர்களின் படங்களை அனுமதியில்லாமல் எடுத்து, இருவரில் யார் அழகு என்று ஓட்டுப் போட வைத்த தளம். கல்லூரி அவரை விசாரித்தது உண்மை. ஆனால் ஹாஸ்டல் அறையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் எட்டுப் பேருக்கும் அது ஒரு ஹீரோவின் அறிமுகக் காட்சி. அடுத்த வாரமே எங்கள் டிபார்ட்மென்ட் பெண்களை வைத்து ஒரு எக்ஸெல் ஷீட் தயாரானது. படம், மார்க், ரேங்க். ஆட்டோமேட்டிக்காக சராசரி போடும் ஃபார்முலாவை எழுதியது நான். அதற்குக் கிடைத்த கைதட்டல் என் பிராஜெக்ட்டுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

பென்டிரைவில் சுற்றிய ஷீட் அவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. ஒருத்தி லேபுக்கு வெளியே என்னை நிறுத்திக் கேட்டாள்: “என் தங்கச்சியோட இருக்குற போட்டோப்பா அது. எங்கேர்ந்து எடுத்தே?” நான் சொன்னேன், “சும்மா ஜாலிக்குப்பா.” அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே அவளுடைய ஃபேஸ்புக் பக்கம் காணாமல்போனது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கேம்பஸில் செலக்ட் ஆனேன்.

அன்று எந்த ரெடிட்டும் எந்த ஆன்ட்ரூ டேட்டும் எங்களைக் கெடுக்கவில்லை. சிரிக்க ஏழு பேர் இருந்தார்கள், “டேய், அழிடா இதை” என்று சொல்ல ஒருத்தன் இல்லை. இன்றும் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் நாங்கள் எட்டுப் பேரும் இருக்கிறோம். வாரத்துக்கு ஒன்றாவது அந்த மாதிரி வருகிறது. போன மாதம்தான் முதன்முறையாக “இதை டெலீட் பண்ணு மச்சான்” என்று போட்டேன். ‘சிம்ப்’ என்று ஒருத்தன் பதில் போட்டான், மற்றவர்கள் சிரிக்கும் ஸ்மைலி போட்டார்கள். அவன் வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பையன் இருக்கிறான். அப்பாவின் போனை அவனும் பார்ப்பான்.