கிழவிக்கா பாடம்?

"முதியவர்களுக்கு நவீன மருத்துவ வசதிகளைப் பழக்கிக் கொடுக்க வேண்டும்" என்று எங்கு பார்த்தாலும் பேசுகிறார்கள். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பேச்சின் அடியில் ஓர் இளக்காரம் ஒளிந்திருக்கிறது. குறையெல்லாம் கிழவர்களிடமாம், கருவி மட்டும் அப்பழுக்கற்றதாம்! இதை நான் மறுக்கிறேன்.

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில், ஆயுள் முழுதும் மல்லாட்டை பிடுங்கிய ஒரு கிழவியை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்குத் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறவள் அவள். மக்கு அல்ல. ஆனால், ரேகை தேய்ந்த அவள் விரலைக் கருவி ஏற்க மறுக்கிறது. ஓ.டி.பி. எண்ணோ சென்னையிலிருக்கும் மகனின் செல்போனுக்குப் போகிறது. அவன் எடுத்துப் பார்ப்பதற்குள் அந்த எண் செத்துவிடுகிறது. இதில் அவள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எது?

70 வயதானவர்களுக்கு, ஏழை பணக்காரர் என்று பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. நல்ல காரியம். அதைப் பெறவும் ஆதார் சரிபார்ப்பு என்னும் அதே வாசலைத்தான் தாண்ட வேண்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழமான ஒரு பிளவு உண்டு. பகைவன் ஏறி வராதிருக்க அது உதவியது; நம்மவர் கடக்க ஒரு பாலமும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பிளவை வெட்டிய நாம் பாலத்தை மறந்துவிட்டோம்.

"ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் காலத்துக் கிழவர்கள் பழகவில்லையா?" என்று கேட்பார்கள். பழகினார்கள். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் இருந்தார். தானே டிக்கெட் அச்சடித்துக்கொண்டு ஏறும்படி எந்தப் பாட்டியையும் யாரும் கேட்கவில்லையே!

இது வெறும் வாதமல்ல. இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவ ஏற்பாட்டில் 2020-இல் நாட்டிலேயே முன்னணியில் நின்ற மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்றில் நோயாளியே செல்போனில் எண் பதிந்து டாக்டரைத் தேட வேண்டும். மற்றதில் சுகாதார நிலைய ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரைத் திரையில் வரவழைத்துக் கொடுக்கிறார். 2022 டிசம்பரில் மொத்த ஆலோசனைகள் 8 கோடியை எட்டியபோது, அவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாம் வழியில் வந்தவை. கருவி ஒன்றுதான், பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததே வித்தியாசம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த உண்மையை உணர்ந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு பெண்கள் வீடு தேடிப் போனார்கள். விவரங்களைச் செல்போனில் பதிவதும் அவர்கள் பாடு. கிழவிக்குக் கைநீட்டும் சிரமம் மட்டுமே. ஆனால் அந்தப் பெண்களுக்கு நாம் வைத்த பெயர் 'தன்னார்வலர்'. கொடுத்ததோ சம்பளமல்ல, ஊக்கத்தொகை! கருவி வாங்கப் பணமுண்டு. அதை ஏந்திச் செல்லும் கைக்கு மட்டும் புண்ணியம் போதுமா?

கிழவிக்குப் பாடம் வேண்டாம். ஊருக்கு ஓர் ஆளை, முழுச் சம்பளத்தில், நியமியுங்கள். அப்புறம் எந்த யந்திரத்தை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள்.