எலும்புக்கு என்ன வயசு? அதை யார் சொல்றது?

எங்க பக்கத்தில் மாத்தளை வைத்தியசாலைக்குப் போகாத வீடு கிடையாது. பிரஷர் கிளினிக், சீனி கிளினிக், பிள்ளைப்பேறு, எல்லாத்துக்கும் அதே இடம்தான். விடியக்காலை பஸ்ஸில் அம்மாயியோடு போய், நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து தூங்கி, பின்னேரம் மருந்துப் பையோடு திரும்பி வந்த பிள்ளைகள்தான் நாங்க எல்லாரும்.

2012 நவம்பரில் அந்த வைத்தியசாலை வளவில் உயிர்வாயு அலகு ஒன்று அமைக்க மண் வெட்டினார்கள். மனித எலும்புகள் வந்தன. வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தன. தோண்டி முடித்தபோது 150க்கும் மேற்பட்ட ஆக்களின் எச்சங்கள்.

அப்போது எனக்குப் பள்ளிக்கூட வயசு. ரவுனில் இரண்டு கதை ஓடியது. ஒன்று சத்தமாகச் சொல்லப்பட்டது: "1940களில் நோய் வந்து செத்த ஆக்கள், மொத்தமா புதைச்சிருப்பாங்க." மற்றது மெதுவாக, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்லப்பட்டது: "எண்பத்தொம்பது."

இதை ஏன் இப்போ எழுதுறேன்? "சயன்ஸ் செய்தி எல்லாம் நமக்கு எதுக்கு, அது நாசாக்காரனுக்கு" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழிதான் ஞாபகம் வருது. எங்க மாவட்டத்தின் ஆகப் பெரிய விஞ்ஞானச் செய்தி அதுதான். அதை நாங்க ஒழுங்காக வாசிக்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் அந்த வருஷம் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். மாத்தளை மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1989இல் இங்கே இராணுவ இணைப்பு அதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. எலும்புகள் வெளியே வந்த 2012இல் அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். யார் குற்றவாளி என்று சொல்ல நான் வரவில்லை. எலும்பு 1940களுக்குரியது என்றால் அது பழைய சுகாதாரக் கதை. 1980களுக்குரியது என்றால் கொலை வழக்கு. எல்லாம் ஒரு திகதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தோண்டலை ஆராய்ந்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, இது 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்றார். பிறகு 2013இல் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். எலும்பு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு காபன் பரிசோதனைக்குப் போயின. 1950க்கு முந்தியவை என்று முடிவு சொல்லப்பட்டது. அதோடு கதை அடங்கிப்போச்சு. "சயன்ஸே சொல்லிட்டுதே, இன்னும் என்ன?"

சரி, சயன்ஸ் என்னதான் சொல்லும்?

நாம் உயிரோடு இருக்கும்வரை சாப்பாட்டின் வழியாக காபன்-14 உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு வரத்து நின்றுவிடும், இருப்பது மெல்ல மெல்லக் குறையும். பாதியாகக் குறைய 5,730 வருஷம். அப்படியென்றால் 50 வருஷத்தில் எவ்வளவு குறையும்? நூற்றுக்கு ஒரு வீதம்கூட இல்லை, சுமார் 0.6 வீதம். இந்தக் கணக்கை மட்டும் வைத்து 1940ஐயும் 1989ஐயும் பிரிப்பது கஷ்டம்.

ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அதனால் வளிமண்டலத்தின் காபன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அது சோற்றிலும் கீரையிலும் பாலிலும் ஏறி, உலகத்தில் எல்லார் உடம்புக்குள்ளும் போனது. 1989இல் இருபது வயசில் செத்த ஒரு பையன் வளர்ந்த காலம் முழுக்க அந்தக் குண்டுக் காபனைத்தான் சாப்பிட்டிருப்பான். அவன் எலும்பில் அது தெரிந்தே ஆகணும்.

ஆகவே 1950க்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு காபன் பரிசோதனை நல்ல கருவிதான். எனக்குப் பிடிக்காத முடிவு வந்தது என்பதற்காக அந்தப் பரிசோதனையே பொய் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் வாட்ஸ்அப் மாமா ஆகிடுவேன்.

ஆனா அது சொல்லாததும் இருக்கு. ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையான காலத்தில் காபன்-14 அளவுகள் ஏறி இறங்கி ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. 1700இன் எலும்பையும் 1940இன் எலும்பையும் பிரிப்பதே சிரமம். எனவே "1950க்கு முன்" என்பது ஆய்வகத்தின் பேச்சாக இருக்கலாம். "1940களின் தொற்றுநோய்" என்பது காபனின் பேச்சு இல்லை. அது மேலே ஒட்டிய கதை.

அடுத்தது, கொடுத்த எலும்புத்துண்டின் வயசைத்தான் இயந்திரம் சொல்லும். ஒரு குழியில் 150க்கு மேற்பட்ட ஆக்கள் இருந்தால், எத்தனை பேரிடமிருந்து மாதிரி எடுத்தார்கள், யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் சீல் வைத்தார்கள், யார் கொண்டுபோனார்கள்? அந்தக் கேள்விகளை இயந்திரம் கேட்காது. நாமதான் கேட்கணும்.

ஒரு ஆய்வு 1980கள் என்கிறது, இன்னொன்று 1950க்கு முன் என்கிறது. இப்படி இரண்டு சான்றும் முட்டிக்கொண்டால் மேலிடம் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மூடி வைப்பது விஞ்ஞான முறை இல்லை. திரும்பப் பரிசோதிப்பதுதான் முறை. வழியும் இருக்கு. பல்லின் எனாமல் சின்ன வயசில் உருவானால் பிறகு மாறாது. அதிலுள்ள குண்டுக் காபனை அளந்து ஒருவர் பிறந்த வருஷத்தை ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் சொல்லலாம் என்று 2005இலேயே சுவீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இது மாத்தளையோடு முடியவில்லை. 2018இல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வந்த காபன் அறிக்கை, அவை சில நூறு வருஷம் பழையவை என்றது. அன்றைக்குத்தான் தமிழ்ப் பத்திரிகைகளும் நாமும் திடீரென்று "எத்தனை மாதிரி? யார் எடுத்தது?" என்று கேட்கத் தொடங்கினோம். நல்ல கேள்விகள். ஆனா மாத்தளை எலும்புக்கு அதே கேள்வியைக் கேட்காமல் விட்டவர்களும் நாமதான். "அது சிங்கள ஆக்களோட பிரச்சினை" என்று நினைத்தோம்.

பிடித்த முடிவு வந்தால் விஞ்ஞானம், பிடிக்காவிட்டால் சதி. எந்தப் பக்கம் நின்று செய்தாலும் இது கெட்ட பழக்கம். கேள்வி எல்லா எலும்புக்கும் ஒன்றாக இருக்கணும். மகனைத் தேடும் தாய் வடக்கிலும் இருக்கிறார், இரத்தோட்டையிலும் இருக்கிறார். தன் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பவரிடம் "1950க்கு முன்" என்ற ஒரு வரியை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போங்க என்று சொல்ல எந்த ஆய்வகத்துக்கும் உரிமை இல்லை. அந்த ஆய்வகம் அப்படிச் சொல்வதுமில்லை. அதன் பெயரைச் சொல்லி மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. கூடவே ஒரு புத்தகப்பை, ஒரு பொம்மை. அங்கேயும் ஒருநாள் திகதி பற்றிய தலைப்புச் செய்தி வரலாம். வரும்போது பகிர்வதற்கு முன் நான்கு விஷயம் பாருங்க. எத்தனை மாதிரி? யார் கையால் எடுத்து, யார் கையில் போனது? ஆய்வகம் எழுதிய வசனம் எது, அமைச்சர் சொன்ன வசனம் எது? மற்றச் சான்றுகளோடு பொருந்துதா?

மாத்தளைக்கும் ஒரு கோரிக்கை பாக்கி இருக்கு. அன்றைக்குச் செத்த இளைஞர்களின் கட்சித் தலைவர்தான் இன்றைக்கு ஜனாதிபதி. பரிசோதனை அறிக்கை முழுசாக மூன்று மொழியிலும் மக்கள் கையில் கிடைக்கணும். சுயாதீனமான இரண்டாவது பரிசோதனை நடக்கணும். முடிவு எதுவாக வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். 1940கள் என்றே வந்தாலும் பரவாயில்லை, அவர்கள் யார் என்று தெரிந்துகொள்வோம்.

அந்தக் கிளினிக் வரிசையில் இன்றைக்கும் எழுபது, எண்பது வயசு அம்மாமார் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யார் யாரைத் தேடுகிறார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் காலத்துக்குள் பதில் வரணும்.