அழையாத வழித்துணை

தோபித்து நூலை வாசித்தவர்களுக்கு அந்த நாய் நினைவிருக்கும். இளைஞன் தோபியா தந்தையின் பணத்தைப் பெற்றுவரத் தொலைநாட்டுக்குப் புறப்படுகிறான். மனித உருவில் இரபேல் தூதர் துணை செல்கிறார். கூடவே ஒரு நாயும் நடக்கிறது. அதற்குப் பெயரில்லை, கதையின் போக்குக்கு அதனால் ஆவதும் ஒன்றுமில்லை. ஆயினும் பயணம் முடிந்து வீடு நெருங்குகையில், நாயும் அவர்கள் பின்னால் வந்தது என்பதை ஆசிரியர் மறவாமல் குறித்திருக்கிறார்.

இமயமலைப் பாதைகளில் இன்றும் இப்படிப்பட்ட நாய்கள் நடக்கின்றன. அவை வீடு திரும்பினவா என்று எழுதி வைப்பார்தாம் அரியர்.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் வழியானாலும், அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிவரும் வழியானாலும், இமாசலப் பிரதேசத்தில் தரம்சாலாவிலிருந்து திரியுண்டு மேட்டுக்கு ஏறும் வழியானாலும் காட்சி ஒன்றே. ஊர் எல்லையில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, சோம்பல் முறித்து, அந்நியரின் பின்னே நடக்கத் தொடங்கும். சற்று நேரத்தில் முன்னே ஓடும்; வளைவில் நின்று திரும்பிப் பார்க்கும். வழி காட்டுகிறது என்று பயணிகள் உள்ளம் குளிர்வர். நாயின் கணக்கோ வேறு. மலையேறுவோர் தங்குமிடத்தில் மிச்சச் சோறும் ரொட்டியும் உண்டு. கூடாரத்தின் ஓரத்தில் காற்றடிக்காத இடமும் உண்டு. அன்றியும், அடுத்த ஊர் நாய்கள் தங்கள் எல்லைக்குள் அயல் நாயை எளிதில் விடமாட்டா. மனிதரின் காலடியில் நடப்பதே அதற்குக் காவல். நம் தெருவில் காணாத செய்தியா இது? இதனால் நாயிடம் அன்பில்லை என்று சொல்ல வரவில்லை. பசியும் அன்பும் கைகோத்து வருவது நாய்க்கு மட்டுமே உரிய இயல்பும் அன்று.

இத்தகைய நாய்களுள் உலகப் புகழ் பெற்றது மேரா. 2018-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்க வழிகாட்டி ஒருவரின் தலைமையில் மலையேறும் குழுவொன்று நேபாளத்தின் மேரா சிகரப் பகுதியில் இருந்தது. சுமார் 5,300 மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றில், ஊரும் பேரும் அறியாத ஒரு பெண் நாய் அவர்களோடு சேர்ந்தது. அதன் எடை 20 கிலோ இருக்கும். குளிரில் வெளியே படுத்திருந்த அதை வழிகாட்டி தம் கூடாரத்துக்குள் சேர்த்துக்கொண்டார். மேரா என்ற பெயரும் கிடைத்தது.

குழுவின் அடுத்த இலக்கு பருந்த்சே சிகரம். உயரம் 7,129 மீட்டர். நாய் அடிவார முகாமோடு நின்றுவிடும் என்றே எல்லாரும் எண்ணினர். அது நிற்கவில்லை. மனிதர் கயிற்றைப் பற்றி ஏறும் செங்குத்தான பனிச்சரிவில், பற்றுவதற்குக் கையற்ற அந்தப் பிராணி நகங்களை ஊன்றி ஏறியது. கயிறு கட்டச் சென்ற செர்பாக்களைத் தொடர்ந்து சென்று, பனியாற்றின்மேல் இரண்டு இரவுகளைக் கழித்தது. விறைத்து இறந்திருக்கும் என்று கீழே இருந்தவர்கள் அஞ்சினர். நவம்பர் 9-ஆம் நாள் அது அவர்களோடு சிகரத்தில் நின்றது. இறங்குவதுதான் அதற்குக் கடினமாயிற்று. சில இடங்களில் கயிற்றில் பிணைத்து இறக்க வேண்டியதாயிற்று. பாதங்களில் இரத்தம் கசிந்தது. நேபாளச் சிகரங்களின் ஏற்றங்களைப் பதிந்து வைப்போர், அங்கு ஒரு நாய் இத்தகைய சிகரத்தின் உச்சியை அடைந்ததாகத் தாங்கள் அறிந்ததில்லை என்றனர். படங்கள் உலகெங்கும் பரவின.

மலை நாய் என்றதும் நம் வாசகர்களின் நினைவு ஆல்ப்ஸ் மலைக்குத் தாவியிருக்கும். புனித பெர்னார்து கணவாயில் துறவியர் வளர்த்த நாய்கள் பனியில் புதைந்தோரை மீட்ட வரலாறு பலரும் அறிந்ததே. (அந்தப் புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக 1923-இல் அறிவித்த திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரும், இளமையில் கைதேர்ந்த மலையேறியே.) ஷிங்கெல் என்ற பெண் நாய் 1875-இல் மோன் பிளாங்கு சிகரத்தையே அடைந்தது. எனினும் இவற்றுக்கெல்லாம் உரியவர் இருந்தனர். உணவு வைக்கவும், நோயுற்றால் கவனிக்கவும், மாலையில் எங்கே என்று தேடவும் ஆள் இருந்தது. மேராவின் இனத்தாருக்கு அது இல்லை.

அந்நாய்கள் ஒரு கணவாயைத் தாண்டி, பழகாத பள்ளத்தாக்கில் நிற்கும் வேளையில், துணை வந்த மனிதர் விமானமேறிவிடுகிறார். பனிக்காலம் வந்தால் உயரமான இடங்களிலுள்ள விடுதிகள் பலவும் அடைக்கப்படும்; மிச்சச் சோறும் நின்றுவிடும். பசித்த நாய்கள் கூட்டம் சேர்ந்து வேட்டையாடத் தொடங்கும். ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் குடியானவர்களின் ஆடுகள் நாய்களுக்கு இரையாகின்றன. லடாக்கில் தரையில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அவை விட்டுவைப்பதில்லை. சுற்றுலாப் பயணியருக்குத் தோழனாயிருந்த நாய், ஆட்டிடையனுக்கு ஓநாயாகிவிடுகிறது. வெறிநாய்க்கடியின் அச்சமும் உண்டு. பழியை நாயின்மேல் போடுவது நேர்மையாகத் தோன்றவில்லை. அங்கே குவியும் எச்சில் உணவு மனிதர் கொண்டு சேர்த்ததுதானே?

விடுமுறையில் இமயமலைக்குச் செல்லும் பிள்ளைகள் நம் பங்குக் குடும்பங்களிலும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு சொல். ஊர் எல்லையில் நீட்டும் முதல் பிஸ்கோத்துதான் முதல் அழைப்பு. அங்கே கையை அடக்கிக்கொள்வதே நல்லது. நாய் தொடர்ந்தால், அது யாருடையது என்று தேநீர்க் கடையில் கேளுங்கள். பனியும் கணவாயும் தொடங்குமுன், கீழே இறங்கும் சுமையாட்கள் எவரேனும் அழைத்துச் செல்ல இசைவாரா என்று பாருங்கள். அதற்குமேலும் உங்கள் ரொட்டியைத் தின்று, உங்கள் கூடாரத்தருகே உறங்கி, உங்களோடு மறுபக்கம் இறங்கிவிட்டதானால், அதன் திரும்பும் வழி உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. "அதுவாக வந்தது, அதுவாகப் போகட்டும்" என்பது எனக்கு ஏற்புடைய பதிலாகப் படவில்லை.

மேராவுக்கு அந்தக் கணக்கைத் தீர்த்தவர், சிகரமேறிப் படமெடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் அல்லர். அடிவார முகாமின் மேலாளராயிருந்த நேபாளியர். நாயைக் காத்மாண்டுக்குக் கொண்டுவரச் செய்து, தம்மிடம் வைத்து வளர்க்கலானார். அது ஏறிய பருந்த்சேயை நினைத்துப் புதுப் பெயரும் சூட்டினார்: பாரு. நம் காதுக்கு அது வேறு பொருளும் தருகிறது.