வையமாளிகைப் பல்லியும் திருமலைப் பொன்பல்லியும்

அஸ்தினாபுரத்து அன்பர்கள் வேன் அமர்த்திக்கொண்டு காஞ்சிக்குச் சென்றால், அத்திகிரி வரதரைச் சேவித்தபின் விதானத்துப் பல்லிகளைத் தொடாமல் திரும்புவதில்லை. (அத்தி என்றாலும் அஸ்தி என்றாலும் யானையே; இரு பெயர்களுக்கும் இப்படியொரு பொருத்தம்.) கௌதம முனிவரின் சீடர் இருவர் பூஜைக்குக் கொணர்ந்த தீர்த்தத்தில் பல்லி கிடந்ததாகவும், முனிவரின் சாபத்தால் அவர்களே பல்லிகளாகி இத்தலத்தில் விமோசனம் பெற்றதாகவும் தலவரலாறு கூறும். அவற்றைத் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் நீங்கும் என்பது நம்பிக்கை.

உயிருள்ள பொன்பல்லியும் ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். அதன் இருப்பிடம் வேங்கடவனின் திருமலையே. சென்னை மாகாண வனத்துறைத் தலைவராயிருந்த பெட்டோம், திருப்பதி மலையில் கண்ட இவ்வினத்தை 1870-இல் உலகுக்கு அறிவித்தார். பிறகு நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர் எவர் கண்ணிலும் அது படவில்லை. 1980-களில்தான் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது. தமிழகத்தில் வேலூர் வட்டாரக் குன்றுகளிலும் காணப்பட்டுள்ளது. இதன் ஒரே உறவினம் இலங்கையின் பாறைக் குகைகளில் வாழ்கிறது.

வறண்ட காட்டு மலையே இதன் இடம் என்றாலும், வெயில் காயும் பாறை முகத்தை இது விரும்புவதில்லை. நிழல் தங்கிக் குளிர்ந்த வெடிப்புகளையும் குகை விதானங்களையும் நாடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உடல் பொன்மஞ்சளாகப் பொலியும். பெண்ணும் குஞ்சும் பழுப்பு நிறமே. விரல் நுனியில் இலைபோல் விரிந்த திண்டுகள் இருப்பதால் தலைகீழாகவும் கல்லைப் பற்றி ஓடும். பெண்கள் பல சேர்ந்து ஒரே இடத்தில் முட்டைகளைப் பாறையோடு ஒட்டி வைக்கின்றன. குஞ்சு வெளிவந்த பின்னும் ஓட்டின் வெண்தழும்புகள் கல்லில் நிற்கும். அடுத்த பருவத்திலும் அவ்விடத்துக்கே வருவதுண்டு.

ஆகவே ஒரு பாறை உடைந்தால் ஒரு பல்லியின் வீடு மட்டுமன்று, பல தலைமுறைகளின் பிரசவ அறையே போய்விடுகிறது. மரத்தை மறுபடி நடலாம். பாறை வெடிப்பை யார் நட முடியும்? பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் கல்லுடைப்பால் கரைந்ததைக் கண்ணெதிரே பார்த்த அஸ்தினாபுரத்து முதியோருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்பல்லியைப் பிடிப்பதைத் தடுக்கிறது. திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காடு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

பல்லி என்றதும் நஞ்சு என்று அஞ்சித் துடைப்பத்தை எடுப்போர் இன்றும் உண்டு. நம் நாட்டுப் பல்லி எதற்கும் நஞ்சு கிடையாது. அதன் எச்சத்தில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரியே. பல்லியைக் கொல்வதற்கு அது காரணமாகாது. காஞ்சியில் தொட்டு வணங்கிய கை மறுநாள் வீட்டுச் சுவரில் அதையே அடிப்பது பொருந்துமா?

அலிபிரியிலிருந்து படியேறும் அன்பர்கள் வழிப்பாறைகளில் பெயர் எழுதுவதையும், இடுக்குகளில் தண்ணீர்ப் புட்டிகளைச் செருகுவதையும் தவிர்க்கலாம். அந்திக்குப் பின் அவ்விடுக்குகளிலிருந்து, உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரல் ஒன்று எழுவதுண்டு. அது பொன்பல்லியின் குரலாக இருக்கலாம்.