மலாக்கா ஜலசந்தி: லாபம் யாருக்கு? சுமை யாருக்கு?

சுமத்ரா தீவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது மலாக்கா ஜலசந்தி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் பாட்டன்மார் கண்ட கடல் அது. இன்று ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கொரியாவுக்கும் போகும் மேற்காசிய எண்ணெயில் பெரும்பகுதி இவ்வழியேதான் போகிறது. சிங்கப்பூர் அருகே ஓரிடத்தில் அதன் அகலம் 3 கிலோமீட்டர்கூட இல்லை.

இந்த இடுக்கில் விபத்து நேர்ந்தால் நஷ்டம் யாருக்கு? 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டியது. ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அதன் பிறகுதான், கரையோர நாடுகள் மூன்றும் வற்புறுத்தியதன் பேரில், கப்பலின் அடிக்கும் கடலின் தரைக்கும் இடையே 3.5 மீட்டர் தண்ணீராவது வேண்டும் என்ற விதி 1977-ல் ஏற்கப்பட்டது. எண்ணெய் கொட்டினால் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. மீனவனுக்கு என்ன உண்டு?

சட்டம் என்ன சொல்கிறது? இது எங்கள் கடல், இதன் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு என்று 1971-ல் இந்தோனேசியாவும் மலேசியாவும் அறிவித்தன. பெரிய கடற்படை வைத்திருந்த வல்லரசுகள் ஒப்பவில்லை; சோவியத் யூனியனும் ஒப்பவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1982-ல் உருவான ஐ.நா. கடற்சட்டம், இத்தகைய ஜலசந்திகளில் எல்லா நாட்டுக் கப்பல்களும், யுத்தக் கப்பல்கள் உட்பட, தடையின்றிக் கடந்து போகலாம் என்றது. சூயஸ் வெட்டிய கால்வாய். அங்கே கட்டணம் உண்டு. இங்கே கடந்து போவதற்குக் கட்டணம் இல்லை. பயன்படுத்தும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை! 2007-ல் ஏற்பட்ட நிதியும் விரும்பியவர் கொடுக்கும் நிதிதான். அமெரிக்காவோ அச்சட்டத்தில் இன்றுவரை சேரவில்லை. அது தரும் வழியுரிமையை மட்டும் விடாமல் கேட்கிறது.

மிராசுதாரரின் வண்டி வரப்பை உடைத்துக்கொண்டு போகும். வரப்பைக் கட்டுவது பண்ணையாள். கடலிலும் இதே நியாயம்தானா?

கொள்ளைக்காரர்களை அடக்குவது என்ற பேரில் 2004-ல் அமெரிக்கப் படை அங்கே வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. இந்தோனேசியாவும் மலேசியாவும் முடியாது என்றன. அவ்வாண்டு ஜூலையிலேயே, சிங்கப்பூரையும் சேர்த்து மூன்று நாடுகளும் தங்கள் சொந்தக் கப்பல்களைக் கொண்டே கூட்டுக் காவலைத் தொடங்கின. இருந்தும் 2005-ல் லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள், யுத்தமே நடக்காத அந்தக் கடலுக்கு 'யுத்த ஆபத்து' முத்திரை குத்தினார்கள். 2006 ஆகஸ்டில் அவர்களே அதை நீக்க நேர்ந்தது. கரையோர மக்களால் தங்கள் கடலைக் காக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வழி எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆனால் அதில் லாபம் காண்பவன் விளக்குக்கும் துப்புரவுக்கும் பணம் கொடுக்க வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். வலை பாழான மீனவனுக்கு உடனே நஷ்டஈடு வேண்டும். அந்நியப் படைக்கு அங்கே இடம் கூடாது.

உழைப்பாளி மக்கள் எந்தக் கரையில் இருந்தாலும் இக்கோரிக்கை அவர்களுடையதே!