ரெண்டாவது பேட்டரி யாருக்கு லாபம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுபடியும் புயல் சின்னம் என்றாலே சாரம் பக்கம் ஒரே உபதேசம்: "இன்வெர்ட்டருக்கு இன்னொரு பேட்டரி போடுங்க!"

சுத்த அபத்தம். பழையதோடு புதியதை பேரலலாகக் கோர்த்தால் நோஞ்சான் பேட்டரி புதியதையும் கெடுக்கும். சார்ஜரோ அதே பழைய சார்ஜர். 15 ஆம்பியரில் 150 ஏ.எச். நிரம்பவே 10 மணி நேரத்துக்கு மேல், இரண்டுக்கு 20! கரண்ட் அவ்வளவு நேரம் நிற்குமா? அரைகுறையாக நிரம்பும் ஈய பேட்டரியில் சல்பேட் படிந்து ஆயுசு குறையும்.

75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டுங்கள். இருக்கிற பேட்டரியிலேயே இருமடங்கு நேரம் சுற்றும்.

செலவைக் குறைக்காமல் ரெண்டாவது கடன் வாங்குபவரை ஊர் என்ன சொல்லும்? இதுவும் அதே கணக்குதான்!