நடுங்கும் கைகளுக்கான கருவி

ஓர் உயிர்காப்புச் சாதனத்தைப் பரீட்சித்துப் பார்ப்பவர் நல்ல வெளிச்சமுள்ள கூடத்தில், உலர்ந்த உடையுடனும் நிதானமான மனத்துடனும் நிற்கிறார். அதை உபயோகிக்க நேர்கிறவனோ நள்ளிரவில், ஒருபுறம் சாய்ந்துவிட்ட கப்பலின் தளத்தில், உப்பு நீர் கண்களை எரிக்க, விறைத்துப்போன விரல்களால் அதைத் தடவித் தேடுகிறான். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை உணராமல் செய்யப்பட்ட கருவி எவ்வளவு உறுதியானதாயினும் ஆபத்து வேளையில் கைவிட்டுவிடும் என்பதும், சென்ற நூறாண்டுகளில் இத்துறையில் ஏற்பட்ட மெய்யான அபிவிருத்திகள் அந்தத் தூரத்தைக் குறைத்ததனால் விளைந்தவை என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பரவலாக இருந்தது கார்லி மிதவை. ஹொரேஸ் கார்லி என்ற அமெரிக்கர் 1903-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனம், நீள்வட்டமாக வளைத்த தாமிரக் குழாயின்மேல் தக்கையும் கித்தானும் சுற்றி, நடுவே கயிற்று வலையில் ஒரு மரத்தட்டைத் தொங்கவிட்டு அமைக்கப்பட்டது. அது எளிதில் மூழ்காது. எந்தப் பக்கமாக விழுந்தாலும் உபயோகிக்கத் தக்கது. ஆனால் மரத்தட்டு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தமையால், அதில் ஏறியவர்கள் இடுப்பளவு நீரிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. வட அட்லாண்டிக்கின் குளிரில் அது எதில் போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் முடிந்தபின் இவ்விஷயத்தை ஆராய்ந்த டால்பட் குழு 1946-இல் அளித்த அறிக்கை, கடலில் மாண்ட கடற்படையினரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கப்பலை விட்டு வெளியேறிய பிறகே இறந்தார்கள் என்ற கொடிய உண்மையை வெளிப்படுத்தியது. அதே யுத்தத்தில், 1942 நவம்பரில் பென்லோமண்ட் கப்பல் டார்பிடோவுக்கு இரையானபோது, பூன் லிம் என்ற சீனப் பணியாளர் ஒரு சிறிய மரமிதவையில் தன்னந்தனியாக 133 நாட்கள் உயிரோடிருந்து பிரேசில் கரையோரம் மீட்கப்பட்டார். அவருடைய மனத்திண்மையை எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும், தெற்கு அட்லாண்டிக்கின் வெப்பமும் அவருக்குத் துணை நின்றது என்பதை மறத்தலாகாது. மிதப்பது ஒன்றே போதும் என்ற கொள்கை வெப்பக்கடலுக்குப் பொருந்தலாம். குளிர்க்கடலில் அது மரண சாசனமாகவே ஆயிற்று.

இந்த அறிவிலிருந்து வளர்ந்து நிலைபெற்றதுதான் கூரையுடன் கூடிய காற்றடைத்த தெப்பம். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று தாங்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு ரப்பர் வளையங்கள், கடலின் குளிர் ஏறாதபடி காற்றால் நிரப்பத்தக்க அடித்தளம், காற்றையும் அலைச் சாரலையும் தடுத்துத் தொலைவிலிருந்தும் கண்ணில் படுகிற செம்மஞ்சள் கூரை என இதன் ஒவ்வோர் உறுப்பும் யாரோ ஒருவருடைய மரணத்திலிருந்து கற்ற பாடம். உள்ளே வைக்கப்படும் பொருள்களிலும் அதே கவனத்தைக் காணலாம்: கத்தி மடக்குக் கத்தியாக இருத்தலாகாது, அதன் பிடியும் மிதக்க வேண்டும் என்று சர்வதேச விதி வற்புறுத்துகிறது, விறைத்த விரல்களால் மடக்குக் கத்தியைத் திறக்க முடியாது என்பதை அறிந்த எவரோ எழுதிய விதி அது.

எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது தெப்பத்தைக் கப்பலிலிருந்து தானே விடுவிக்கும் சிறு கருவி. தெப்பப் பெட்டியைத் தளத்தோடு பிணைக்கும் கட்டில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்டியை அவிழ்க்க ஒருவருக்கும் அவகாசமில்லாமல் கப்பல் மூழ்கிவிடுமானால், 4 மீட்டர் ஆழத்தை எட்டுவதற்குள்ளாகவே நீரின் அழுத்தம் ஒரு சவ்வை உள்ளே தள்ள, வில்லால் இயங்கும் கத்தி கட்டை அறுக்க, பெட்டி மேலே எழும்புகிறது. அதிலிருந்து நீளும் கயிறு இன்னமும் கப்பலோடு பிணைந்திருப்பதால், கப்பல் கீழே இறங்க இறங்கக் கயிறு இழுபட்டு வாயு உருளையைத் திறந்துவிட, கார்பன் டை ஆக்சைடு பாய்ந்து தெப்பம் விரிகிறது. இனி அந்தக் கயிறே எமனாகலாம் அல்லவா? அதற்காகவே அதன் அடிமுனையில், விரிந்த தெப்பத்தின் மிதப்பு விசைக்குத் தாங்காமல் அறுந்துபோகும்படி, பலவீனத்தை அளந்து வைத்த ஓர் இணைப்பு இருக்கிறது. எந்த மனிதனுடைய கையும் படாமல், மூழ்கும் கப்பலின் பாரமே தெப்பத்தை விரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இத்தகைய தெப்பமும் குறையற்றதாக இருக்கவில்லை. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 பாய்மரப் படகுகள் சென்றுகொண்டிருக்கையில் பெரும் புயல் தாக்கிப் பந்தயக்காரர் 15 பேர் மாண்டனர். அந்த இரவில் தெப்பங்கள் சில கவிழ்ந்தன, சில சிதைந்தன. அதன்பின், தெப்பத்தின் அடியில் நீர் புகுந்து நிறைந்து அதை அலையோடு பிடித்து நிறுத்தும் பெரிய பைகளை அமைப்பது வழக்கமாயிற்று. ஆயினும் அந்தத் துயரத்தில் கிடைத்த மற்றொரு செய்தியையே நான் மேலாக மதிக்கிறேன். மாலுமிகள் கைவிட்டுச் சென்ற படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை 5 மாத்திரமே. தெப்பம் இருக்கிறது என்ற எண்ணம், இன்னும் மிதந்துகொண்டிருந்த படகிலிருந்து பலரை இறங்கிச் செல்லத் தூண்டிவிட்டது. கருவியின் அமைப்போடு, அதை எப்போது உபயோகிக்கலாகாது என்ற போதனையும் சேர்ந்தாலன்றி உயிர்காப்பு முழுமை பெறாது.

1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற பயணக் கப்பல் 852 உயிர்களோடு மூழ்கியபோதும், தலைகீழாக விரிந்த தெப்பங்களின்மேல் மனிதர்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தகைய பயணக் கப்பல்களின் தெப்பங்கள் தாமாகவே நிமிர வேண்டும், அல்லது இருபுறமும் கூரையுடையனவாக இருக்க வேண்டும் என்று பின்னர் விதி செய்யப்பட்டது. எந்தப் பக்கமாக விழுந்தாலும் உதவும் கார்லி மிதவையின் நற்குணம், அதை ஒதுக்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இவ்வாறு திரும்பி வந்து சேர்ந்தது.

தானே இயங்கும் தெப்பம் உணர்த்துகிற, மனிதனை நம்பலாகாது என்ற சித்தாந்தத்தையும் அளவுக்கு மீறிக் கொண்டு செல்லக் கூடாது என்பதற்குப் பாராசூட்டின் சரித்திரம் சாட்சி. வானத்திலிருந்து விழுகிறவன் வழியிலேயே பிரக்ஞை இழந்துவிடுவான் என்று ஒருகாலத்தில் நிபுணர்கள் பலர் நம்பினர். ஆகவே பாராசூட்டை விமானத்தோடு கயிற்றால் பிணைத்து, குதித்ததும் அதுவே இழுத்து விரிக்கும்படி செய்தனர். சுழன்று வீழும் விமானத்தில் அந்தக் கயிறு சிக்கிக்கொள்ளக் கூடுமென்பதுதான் அதிலிருந்த அபாயம். 1919 ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்காவின் மெக்குக் விமானத்தளத்தில் லெஸ்லி இர்வின் தடையின்றிக் குதித்து, தம் கையாலேயே கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்துக் காட்டினார். இறங்குகையில் கணுக்கால் முறிந்தது. பழைய நம்பிக்கையும் அன்றோடு முறிந்தது. பிற்காலத்தில், 1991-இல், ஜெர்மானியரான ஹெல்முட் குளோட் வெளியிட்ட சைப்ரஸ் என்ற கருவி இவ்விரு எண்ணங்களையும் சமரசப்படுத்தியது: குதித்தவன் தன் கையால் பாராசூட்டை விரித்தால் அது ஒன்றும் செய்யாது, தரையை நெருங்கியும் அவன் வேகம் குறையவில்லை என்பதைக் காற்றின் அழுத்தத்தால் அறிந்தால் மட்டும், மாற்றுப் பாராசூட்டின் கட்டைத் தானே அறுத்துவிடும். மனிதனுடைய சுதந்திரத்தைப் பறிக்காமல், அவன் தவறும் கணத்தில் மாத்திரம் தாங்குகிற இந்த முறையையே நான் உத்தமமானதென்று கொள்கிறேன்.

கருவி எத்தனை சிறந்ததாயினும், கூப்பிட்ட குரலைக் கேட்பவர் வேண்டும். 1982 பிப்ரவரியில் தம் படகை இழந்த ஸ்டீவன் கலாஹன் என்ற அமெரிக்கர், அட்லாண்டிக்கில் 76 நாட்கள் தெப்பத்தில் மிதந்தார். அவரிடம் அபாய அறிவிப்புக் கருவி இருந்தும் அதன் ஒலி எவர் காதிலும் விழவில்லை. அபாய ஒலிகளைக் கேட்பதற்கென்றே அமைந்த காஸ்பாஸ்-சார்சாட் திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது தன் முதல் மீட்புக்கு வழி செய்தது. சில மாத இடைவெளியில் ஒரு மனிதனின் தலைவிதி எவ்வாறு வேறாகியிருக்கும்!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இஸ்ரோ வடிவமைத்துள்ள புதிய அபாய அறிவிப்புக் கருவி, மீனவர் அனுப்பும் செய்தி கரையில் கிடைத்துவிட்டது என்ற பதிலையும் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. தன் குரல் கேட்கப்பட்டது என்று அறிந்தவனுக்குப் பிறக்கும் தைரியத்தை விலை மதிக்க இயலாது. ஆனால் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் இந்த அக்கறையை நான் காணவில்லை. வெயிலில் வியர்த்து, குனிந்து நிமிர்ந்து வலை இழுப்பவன் தடித்த நுரைப்பஞ்சு அங்கியை நாள் முழுதும் அணிந்திருப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவன் அதைக் கழற்றி மூலையில் வைத்தால், அந்தக் குற்றம் அவனுடையதன்று, அதை வடிவமைத்தவருடையது. தண்ணீர் பட்டதும் தானே காற்று நிரம்பும் மெல்லிய அங்கிகள் உலகில் புழக்கத்துக்கு வந்து நெடுங்காலமாயிற்று. அவற்றிலும் நுரைப்பஞ்சு அங்கிகளிலுமாகச் சில மாதிரிகளைத் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் குளச்சலிலும் தொழில் செய்வோரிடம் ஒரு பருவம் முழுவதும் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே மானியத்தில் வழங்கும் அங்கி இன்னதென்று அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டும்.